சுவரைப் பார்த்த நேர்காணல்

டாரிசா: இரு இரு... என்ன சொன்னே? திரும்பச் சொல்லு.

வால்டா: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல இருக்கேன்னேன்.

டாரிசா: இங்கயா?

வால்டா: இங்கதான். யூனிவர்சிட்டி வாசல்ல, தைல மரத்தடியில.

டாரிசா: அம்மா! ஊர்லேர்ந்து எட்டு மணி நேரம் மண் ரோடு. ஒரு வார்த்தை சொல்லாம எப்படி வந்தே? யாரு கூட வந்தே?

வால்டா: பஸ்ல. உன் பெரியம்மா கூட. இதோ பக்கத்துல உக்காந்து வறுத்த உருளைக்கிழங்கு தின்னுட்டிருக்கா. இரு, போனை ஸ்பீக்கர்ல போடறேன்.

மாபல்: நல்லாருக்கியாடி கண்ணு? உப்பே போடல இவங்க.

டாரிசா: பெரியம்மாவுமா! எப்ப வந்தீங்க?

வால்டா: நேத்து. வெளியூர்லேர்ந்து வர்றவங்க தங்கற ஹாஸ்டல்ல தங்கினோம்.

டாரிசா: பெத்த பொண்ணு இதே ஊர்ல இருக்கேன்... ஹாஸ்டல்ல தங்கினீங்களா?

வால்டா: ஏன், உன் வீட்டுக்கு வந்திருக்கணுமா? சரி, இப்ப வரேன். சாவி எங்க வச்சிருக்கே?

டாரிசா: இல்ல இல்ல இல்ல! வேண்டாம்!

வால்டா: ஏன்டி இப்படிக் கத்தற?

டாரிசா: கத்தல... வீடு குப்பையா கிடக்கு. இன்னிக்கு வகுப்பு இல்ல, கடை வேலையில இருக்கேன், சாப்பாட்டு நேரம், அரை மணிதான். நீ முதல்ல சொல்லு, யூனிவர்சிட்டி வாசல்ல உனக்கென்ன வேலை?

வால்டா: படிக்க வந்தேன்.

டாரிசா: என்ன?

வால்டா: காது கேக்கலையா? படிக்கடி. சமூக சுகாதாரம். மூணு வருஷப் படிப்பு. நம்ம பழங்குடி ஜனங்க நலத்துக்குன்னே தனியா வச்சிருக்காங்கல்ல, அது.

மாபல்: ஹலோ? பொண்ணு விழுந்துட்டாளா?

டாரிசா: இருக்கேன் பெரியம்மா... அம்மா, உனக்கு நாப்பத்தாறு வயசு.

வால்டா: தெரியும். ஃபார்ம்ல எழுதினேன்.

டாரிசா: எப்ப விண்ணப்பம் போட்டே?

வால்டா: மார்ச்ல.

டாரிசா: அஞ்சு மாசமா! ஞாயித்துக்கிழமை தவறாம பேசறோம். நாய் குட்டி போட்டதுல இருந்து எல்லாம் சொன்னே. இதைச் சொல்லல.

வால்டா: சொல்லி, கிடைக்காமப் போயிட்டா? உன்னைப் படி படின்னு பிடிச்சுத் தள்ளினவ நான். கிழவி ஆசைப்பட்டா, வாசலோட அனுப்பிட்டாங்கன்னு உன் காதுல விழணுமா? வெக்கமா இருந்துச்சு. அதான் சொல்லல.

டாரிசா: யாரும்மா உன்னைக் கிழவின்னா...

மாபல்: நான்தான் சொன்னேன். பஸ்ல வர்ற வழியெல்லாம் சொன்னேன்.

டாரிசா: சரி, காகிதமெல்லாம் கேப்பாங்களே. எங்கிட்ட எத்தனை கேட்டாங்க!

வால்டா: எல்லாம் சேர்த்தாச்சு. கிளினிக்ல பத்தொம்பது வருஷம் வேலை பார்த்ததுக்கு டாக்டரம்மா கடிதம். சுகாதாரப் பணியாளர் சான்றிதழ். போலீஸ்காரன் கொடுத்த நல்லவன்னு சீட்டு. போட்ட தடுப்பூசி அத்தனைக்கும் தேதி. எழுதப் படிக்க ஒரு பரீட்சை... அதுல பாஸ். கணக்குல கொஞ்சம் இடிச்சுது, அதுவும் பாஸ்.

மாபல்: அந்த இன்னொரு சீட்டைச் சொல்லு. அதைச் சொல்லாம விட்டா எப்படி?

வால்டா: அது கிடக்கட்டும்.

மாபல்: நான் சொல்றேன் கேளுடி. இவ நம்ம ஜனம்தான்னு அத்தாட்சி வேணுமாம். நில மன்றத்துல கூட்டம் போட்டு, முடிவெடுத்து, முத்திரை குத்தித் தரணுமாம். மன்றத் தலைவர் யாரு? எங்க கூடப் பிறந்த அண்ணன்! அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இவளைப் பார்த்து, 'விண்ணப்பதாரரின் தாயார் பெயர்?'ங்கறாரு.

டாரிசா: ஐயோ!

மாபல்: இவ சொல்றா, 'உன்னைப் பெத்தவதான்டா'ன்னு. அதையும் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் எல்லாரும் கை தூக்கினோம். ஏழு பேர். இவ எங்க தங்கச்சிதான்னு ஒருமனதா நிறைவேறிச்சு. நான்தான் கொஞ்சம் யோசிச்சுக் கை தூக்கினேன்.

வால்டா: சிரிங்க, நல்லாச் சிரிங்க. அந்த முத்திரைக்காக மூணு கூட்டம் காத்திருந்தேன். முதல் தடவை துக்க வீடு, யாரும் வரல. ரெண்டாவது தடவை முத்திரை வச்ச அலமாரிச் சாவி காணோம்.

டாரிசா: அப்புறம் என்ன, எல்லாம் ஆச்சே. சீட் கொடுத்துட்டாங்களா?

வால்டா: இன்னிக்குக் காலைல பத்து மணிக்கு நேர்காணல். அதுதான் கடைசி. ரெண்டு பேர் உக்காந்து கேள்வி கேப்பாங்க. ஒருத்தர் பாடம் எடுக்கறவங்க. இன்னொருத்தர் நம்ம ஜனத்துல ஒருத்தர். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் சீட்.

டாரிசா: ம்.

வால்டா: பாடம் எடுக்கறது ஹிலரின்னு ஒரு வெள்ளைக்காரம்மா. தங்கமானவ. டீ கொடுத்தா. நம்ம ஜனத்துல ஒரு பெரியவர் வர்றதா இருந்துச்சு. அவரு வீட்ல துக்கமாம். காலைல அவசரமா வேற ஆளைப் போட்டாங்க.

டாரிசா: வேற... யாரை?

வால்டா: ஒரு சின்னப் பையன். முப்பதுகூட இருக்காது.

டாரிசா: பேரென்ன?

வால்டா: பேரெல்லாம் இப்ப எதுக்கு? நடந்ததைக் கேளு. என் வாழ்க்கையில இப்படி ஒரு அவமானம் பட்டதில்ல.

டாரிசா: என்னம்மா ஆச்சு?

வால்டா: நான் உள்ள போனேன். புதுப் பாவாடை கட்டியிருக்கேன். அவன் குனிஞ்சு ஃபைலைப் புரட்டிட்டிருந்தான். 'இவங்கதான் வால்டா, இன்ன ஊரு'ன்னு அந்தம்மா சொன்னா. அவ்வளவுதான். பேனா கீழ விழுந்துச்சு. நாற்காலியை அப்படியே சுவரைப் பார்த்துத் திருப்பிட்டான்.

டாரிசா: ...சுவரைப் பார்த்தா?

வால்டா: முதுகைக் காட்டிக்கிட்டு! எனக்கு! பத்தொம்பது வருஷம் ஊர்ப் புள்ளைங்க சளியைத் துடைச்சவளுக்கு!

டாரிசா: அவருக்கு உடம்பு சரியில்லையோ என்னமோ.

வால்டா: அந்தம்மாவும் அப்படித்தான் நெனச்சா. தண்ணி கொண்டு வந்தா. குடிக்கல. வாயைத் திறக்கல. நான் வணக்கம் சொல்லல, அவனும் சொல்லல. அப்புறம் எழுந்தான். சுவரை ஒட்டியே, முகத்தைக் கையால மறைச்சுக்கிட்டு, நகந்து நகந்து கதவுக்குப் போய்... ஒரே ஓட்டம்.

மாபல்: நான் வெளியில பார்த்தேனே அந்தக் கூத்தை!

டாரிசா: பெரியம்மாவையும் பார்த்தாரா?

மாபல்: பார்த்தானாவது! நடைபாதையில உக்காந்திருந்தேன். என்னைக் கண்டதும் அப்படியே நின்னான். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி, பின்படி வழியா இறங்கி ஓடிட்டான். நாங்க என்ன, பாம்பா?

டாரிசா: பாவம், அவருக்கு இடது காது சரியாக் கேக்காது. அதனால திரும்பி உக்காந்திருப்பாரு...

வால்டா: எந்தக் காது?

டாரிசா: என்னது, காதா?

வால்டா: எந்தக் காதுன்னே?

டாரிசா: ஏதோ ஒரு காது. பொதுவாச் சொன்னேன். நம்ம புள்ளைங்கள்ல பாதிப் பேருக்குச் சின்ன வயசுல காதுல சீழ் வரும்னு நீதானே சொல்வே...

வால்டா: நான் இடதுன்னு சொன்னதில்லையே.

மாபல்: இங்க என்ன காதுக்குப் பஞ்சாயத்து? அவன் திமிர் பிடிச்சவன். டவுனுக்கு வந்து, கழுத்துல அடையாள அட்டையை மாட்டிக்கிட்டா, நம்ம ஊர்ப் பொம்பளைங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க.

டாரிசா: அவரு அப்படி இல்ல பெரியம்மா!

மாபல்: எவரு?

டாரிசா: யாரா இருந்தாலும்... இப்படித் தெரியாம ஒருத்தரைப் பேசக் கூடாதுன்னேன்.

வால்டா: பேசறதோட விடப் போறதில்ல. பெரிய ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். பேனா கையில இருக்கு. வேலைக்கு வந்து ஏழு மாசம்தானாம் அவன். போகட்டும்.

டாரிசா: எழுதாதே! அம்மா, சத்தியமா எழுதாதே!

வால்டா: ஏன்?

டாரிசா: ஒரு வேலை கிடைக்க என்ன பாடு படணும்னு உனக்குத் தெரியாதா?

வால்டா: என் சீட் போச்சேடி! அது உனக்குத் தெரியுதா? நேர்காணல் பாதியில நின்னா, முடியாததுன்னு எழுதிடுவாங்களாம். இன்னிக்கு நாலு மணிக்கு மேல ஃபைலை மூடிடுவாங்க. அப்புறம் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் நான் இருக்கேனோ இல்லையோ, டாக்டரம்மா இருக்க மாட்டா, கிளினிக்ல லீவு கொடுக்க மாட்டாங்க, மறுபடி முத்திரை, மறுபடி கூட்டம்...

டாரிசா: அழறியாம்மா?

வால்டா: இல்ல. தூசி.

மாபல்: அழறா.

டாரிசா: வேற ஆளை வச்சு முடிக்கக் கூடாதா? ஹிலரியம்மாகிட்ட கேளேன்.

வால்டா: கேட்டாச்சு. வேற ஆள் இருக்காங்க, பக்கத்து அறையிலயே ஒரு அம்மா இருக்காங்க. ஆனா இவன் ஏன் விலகினான்னு காரணம் எழுதித் தரணும். அது விதி. இல்லைன்னா, விண்ணப்பம் போட்டவ மேல ஏதோ குறைன்னுதான் எடுத்துக்குவாங்க.

டாரிசா: அவரு எழுதித் தரலையா?

வால்டா: மாட்டேன்னுட்டான். அந்தம்மா மாடிப்படி எல்லாம் தேடி, வண்டி நிறுத்தற இடத்துல பிடிச்சா. தலையைக் குனிஞ்சு நின்னானாம். 'காரணம் இருக்கு. ஆனா அதை முதல்ல இன்னொருத்தர் சொல்லணும். அவங்க சொல்லாம நான் காகிதத்துல எழுதினா மரியாதை இல்ல'ன்னானாம்.

டாரிசா: அப்படியா சொன்னாரு...

வால்டா: அப்படித்தான். அந்தம்மாவுக்கு ஒண்ணும் விளங்கல. எனக்கு மட்டும் என்ன விளங்கும்?

மாபல்: என்ன மரியாதையோ! மாமியாரைக் கண்ட மருமகன்கூட இப்படி ஓட மாட்டான்.

வால்டா: நீ சும்மா இரு மாபல்.

மாபல்: ஏன், தப்பாவா சொன்னேன்? உன் புருஷன் பதினாறு வருஷம் நம்ம அம்மா முகத்தைப் பார்த்ததில்ல. வெள்ளம் வந்தப்ப ஒரே லாரி மேல ஏத்திவிட்டாங்களே, ஞாபகம் இருக்கா? ரெண்டு பேரும் முதுகுக்கு முதுகு, தலையில போர்வை! 'உன் தங்கச்சி புருஷனைத் தள்ளி உக்காரச் சொல்லு'ன்னு அம்மா என்கிட்ட சொல்ல, நான் உன்கிட்ட சொல்ல, நீ அவருகிட்ட சொல்ல... தண்ணி டயர் வரைக்கும் வந்துடுச்சு. அதான் மரியாதை. இவன் ஓடினது என்ன மரியாதை?

டாரிசா: பெரியம்மா, கொஞ்சம்... கொஞ்சம் நிறுத்தறீங்களா?

வால்டா: நீ ஏன்டி மூச்சு வாங்கற?

டாரிசா: மணி என்ன?

வால்டா: ஒண்ணு இருபது.

டாரிசா: நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு இல்ல?

வால்டா: இருக்கு. எதுக்கு?

டாரிசா: அம்மா... நீ கோபப்படக் கூடாது.

வால்டா: அதை நான் முடிவு பண்றேன்.

டாரிசா: படிப்பு முடியற வரைக்கும் எந்த ஆம்பளையும் வேண்டாம்னு சொன்னே இல்ல... நானும் சரின்னேன். நெஜமாத்தான் சரின்னேன். ஆனா...

மாபல்: ஐயோ. ஐயோ, வால்டா, என்னமோ வருது.

டாரிசா: எட்டு மாசமாச்சு. ஒண்ணாத்தான் இருக்கோம். அவரு அம்மா அப்பாவுக்குத் தெரியும். அவங்க ஊர்ல ஒத்துக்கிட்டாங்க. உன்கிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு... ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லணும்னுதான் போனை எடுப்பேன். நீ நாய்க்குட்டியைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவே.

வால்டா: நாய்க்குட்டி மேல பழியைப் போடாதே.

டாரிசா: அதான் வீட்டுக்கு வராதேன்னேன். வாசல்ல அவரு பூட்ஸ் கிடக்கு. நீ வந்து நின்னா அவரு எங்க போவாரு?

மாபல்: எவருடி? இந்தப் பொண்ணு யாரைச் சொல்றா?

டாரிசா: காலைல சுவரைப் பார்த்து உக்காந்தாரே, அவருதான். அம்மா... அவரு உன் மருமகன்.

மாபல்: என்னது!

டாரிசா: அவருக்கு நீ வர்றது தெரியாதும்மா. எனக்கே தெரியாதே! பேரைக் கேட்டதும் பதறிப் போயிருப்பாரு. ஒரே அறையில, எதிர்ல உக்காந்து, உன்னைக் கேள்வி கேக்கறதா? செத்தாலும் செய்ய மாட்டாரு.

மாபல்: ஐயையோ... வால்டா... நான் அவன் சட்டையைப் பிடிச்சேனே!

டாரிசா: என்ன பண்ணீங்க?

மாபல்: ஓடப் பார்த்தான். சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்து, 'ஏம்பா, கக்கூஸ் எங்க இருக்கு?'ன்னு கேட்டேன்! முகத்துக்கு நேரா! உன் மருமகன்னா எனக்கும் மருமகன்தானே! தொட்டுட்டேன்டி! கக்கூஸைக் கேட்டுட்டேன்! இனி நான் எந்த முகத்தோட ஊருக்குப் போவேன்? அந்தப் பையன் எந்த முகத்தோட இருப்பான்?

டாரிசா: இதை முதல்ல சொல்லலையே நீங்க...

மாபல்: சொல்ற மாதிரி இருந்தாத்தானே! உருளைக்கிழங்கெல்லாம் கொட்டிப் போச்சு.

டாரிசா: அம்மா? என்னைத் திட்டு. ஏதாவது சொல்லும்மா.

வால்டா: எந்த ஊருக்காரங்க?

டாரிசா: மேற்கே, உப்பு ஏரிக்கு அந்தப் பக்கம்.

வால்டா: முறை?

டாரிசா: சரியான முறைதான். அவங்க தாத்தா வழியில பார்த்தா, நான் கட்டிக்க வேண்டிய பிரிவுதான். பெரியவங்க ரெண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துட்டாங்க. நீயே வேணும்னாலும் விசாரி.

வால்டா: அடிக்கறானா? குடிக்கறானா?

டாரிசா: ரெண்டும் இல்ல. டீயில நாலு ஸ்பூன் சர்க்கரை போடறாரு. அது ஒண்ணுதான்.

வால்டா: நாலா! ரத்தப் பரிசோதனை எப்ப பண்ணான்?

டாரிசா: அம்மா!

வால்டா: எட்டு மாசம்டி... எட்டு மாசம். ஊர்ல எவளுக்கு மாசம் தள்ளிப் போனாலும் எனக்குத்தான் முதல்ல தெரியும். பெத்த பொண்ணு புருஷனோட இருக்கறது எனக்குத் தெரியாது. நெஞ்சுல குத்தின மாதிரி இருக்கு.

டாரிசா: மன்னிச்சுக்கம்மா. நீயும்தானே மறைச்சே...

வால்டா: நான் மறைச்சது படிப்பை.

டாரிசா: நான் மறைச்சது... சரி, நான் மறைச்சது பெரிசுதான். இப்பவே அவருக்குப் போன் பண்றேன். அம்மாகிட்ட சொல்லியாச்சு, நீங்க எழுதிக் கொடுங்கன்னு சொல்றேன். 'இவங்க என் மாமியார், அதனால விலகறேன்.' ஒரு வரி போதும்ல? ரெண்டு மணிக்குள்ள ஹிலரியம்மா மேசையில இருக்கும்.

வால்டா: போதும். ரெண்டரைக்கு என்னை வரச் சொல்லியிருக்கா.

டாரிசா: ...என்ன?

வால்டா: அந்தப் பக்கத்து அறை அம்மாவையும் உக்கார வச்சிருக்கா. 'ரெண்டு மணிக்குள்ள காரணம் வந்துடும், என்னை நம்புங்க'ன்னு சொல்லிட்டுத்தான் இங்க வந்து உனக்குப் போன் பண்ணேன்.

மாபல்: வால்டா! உனக்குத் தெரியுமா?

டாரிசா: அம்மா... உனக்கு முன்னாடியே தெரியுமா?

வால்டா: நாற்காலியைத் திருப்பினப்பவே தெரிஞ்சு போச்சு. நம்ம ஜனத்துப் பையன் ஒரு பொம்பளைக்கு முதுகைக் காட்டி உக்காந்தா, அதுக்கு வேற என்ன அர்த்தம்? எனக்கிருக்கறது ஒரே ஒரு பொண்ணு. நானும் ஃபைலை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அவன் அந்தச் சுவரு, நான் இந்தச் சுவரு. நடுவுல அந்த வெள்ளைக்காரம்மா தண்ணி டம்ளரோட நிக்கிறா, பாவம்.

டாரிசா: அப்போ திமிருன்னே... புகார் எழுதப் போறேன்னே...

வால்டா: திமிருன்னது உன் பெரியம்மா. புகாருக்கு என்கிட்ட பேனாவே இல்ல.

டாரிசா: தெரிஞ்சா நீயே ஹிலரியம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே! இவ்வளவு நேரம் என்னை இப்படித் தவிக்க விட்டு...

வால்டா: நீ வாயைத் திறந்து சொல்லாம அவன் எனக்கு யாருடி? பொண்ணு சொல்லாத மருமகனை நான் எப்படி ஊருக்குச் சொல்றது? அந்தப் பையனுக்குத் தெரிஞ்ச முறை உனக்குத் தெரியல. வேலை போனாலும் பரவாயில்லைன்னு உன் வார்த்தைக்காக வண்டி நிறுத்தற இடத்துல நிக்கிறான். போய் முதல்ல அவனுக்குப் போன் பண்ணு. வெயில்ல நிக்கப் போறான்.

டாரிசா: பண்றேன்... இரு, ஒண்ணே ஒண்ணு. தொடக்கத்துலயே நான் கேட்டேனே, வந்தது யாருன்னு. ஹிலரியம்மா அவரு பேரையும் சொல்லித்தானே அறிமுகம் பண்ணியிருப்பாங்க. அப்பவே நீ அந்தப் பேரைச் சொல்லியிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேனே... ஏம்மா சொல்லல?

வால்டா: மருமகன் பேரை எப்படிடி வாயால சொல்றது?